விசில் செத்த பக்கம்

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், உள்துறைமுகத் தண்ணீர் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டாகத் தெரிகிற இடத்தில் என்னுடைய கடை இருக்கிறது. ரேடியோ, டிவி, மீன்பிடிப் போட்டுகளில் பூட்டுகிற கதைக்கும் செட் எல்லாம் திருத்துவேன். மேசையில் ஒரு கொப்பி எப்போதும் கிடக்கும். செட் கொண்டுவந்தவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், செட்டின் இலக்கம், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் இருக்கும். யுத்த காலத்தில் மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கொப்பியைப் படை முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாக அதை ஒருவரும் கேட்டதில்லை. நானும் எழுதுவதை நிறுத்தியதில்லை.

இதைப் பயம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பழக்கம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒருவர் உடுப்புக் காயப்போடுவதற்குக் கூரையிலிருந்து முருங்கை மரத்துக்குச் செப்புக் கம்பி இழுத்திருந்தார். அது என்ன கம்பி என்று ஒருநாள் படைக்காரர் கேட்டார்கள். உடுப்புக் காயப்போடுகிற கம்பிதான் என்று விளங்கப்படுத்திவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பி வர எட்டு மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு ஒழுங்கையில் எல்லோரும் ஒரு பாடம் படித்துக்கொண்டோம். கேட்ட பிறகு விளங்கப்படுத்தக் கூடாது, கேட்பதற்கு முதலே போய்ச் சொல்லிவிட வேண்டும். பற்றறி வாங்கினால் போய்ச் சொல்லு. கூரையில் அன்ரெனா கட்டினால் போய்ச் சொல்லு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். நாங்கள் வேறு சாதிப் பூனை. நாங்களாகவே அடுப்படிக்குப் போய், இந்தா வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள்.

என் தங்கை சல்லி என்ற கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷனுக்குக் கடல் தொழில், சொந்தமாக ஒரு பைபர் போட். என்னைவிட இரண்டு வயது இளையவன், எனக்கு மச்சான். அந்தக் கொப்பியைப் பகிடி பண்ணாமல் அவன் ஒருநாளும் கடைக்குள் வந்ததில்லை. “மச்சான், தண்ணி குடிக்கப் போறன், எழுதிக்கொள்ளுங்கோ” என்பான். குடித்துவிட்டு, “குடிச்சிட்டன், நேரத்தையும் போடுங்கோ” என்பான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவனோடு மட்டும் அது சரிவராது. அவன் சிரிக்கத் தொடங்கினால் நானும் சிரித்துவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காய்ந்த காற்று. கரையில் நிற்பவனுக்கு அது முதுகில் படுகிற சூடு, அவ்வளவுதான். எஞ்சின் நின்றுபோன போட்டுக்கு அது வேறு காற்று. ஆளையும் போட்டையும் அப்படியே வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். மூன்று வருடத்துக்கு முதல் ஒரு ஆனி மாதம் மச்சானின் எஞ்சின் அப்படி நின்றது. ஒரு அலை போட்டுக்குள் விழுந்து போனையும், இடம் காட்டுகிற கைக்கருவியையும் குடித்துவிட்டது. உயரத்தில் கட்டியிருந்த கதைக்கும் செட்டும் அதன் பற்றறியும் மட்டும் தப்பின. கரையும் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் கடை உயரத்தில் இருப்பதால் என்னுடைய அன்ரெனாவுக்கு அவனுடைய குரல் வந்துகொண்டிருந்தது.

“எங்க நிக்கிறீர்?” என்று கேட்டேன்.

“இஞ்சதான் நிக்கிறன் மச்சான்,” என்றான். “சுத்திவரத் தண்ணி.”

பக்கத்துக் கதிரையில் இருக்கிற ஆள் பேசுவதுபோலக் குரல் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் அவன் எந்தப் பக்கம் என்று சொல்ல ஏலாது. அதைப்போல ஒரு கொடுமையை நான் அனுபவித்ததில்லை. மூன்றாம் நாள், பல நாள் தொழிலுக்குப் போய் வந்த ஒரு பெரிய போட் தற்செயலாக அவனைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தது. உதடெல்லாம் வெடித்து வந்தவன் என்னிடம் முதலில் சொன்னது, “மச்சான், நான் வந்த நேரத்தை எழுதினனீங்களோ?” என்பதுதான். நான் அழுதுவிட்டேன்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் அந்த அன்ரெனா. பேசுகிற ஆள் எந்தத் திசையில் இருக்கிறான் என்று காட்டும் கருவிகள் படைகளிடம் எப்போதோ இருந்தன. காட்டுக்குள் இருந்து பேசியவர்களை அப்படித்தான் பிடித்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பிடிப்பதற்குக் கண்டுபிடித்ததை மீட்பதற்குப் பாவிக்க ஏலாதா என்பதுதான் என்னுடைய யோசனை. எனக்குப் பெரிய படிப்பு இல்லை. கையும் காதும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேலாகக் கடை சாத்திய பிறகும், ஞாயிற்றுக்கிழமையிலும் அதிலேயே கிடந்தேன்.

கருவி பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒரு நீளத் தடியின் இரண்டு அந்தத்திலும், திரைச்சீலைக் குழாயில் வெட்டிய இரண்டு அலுமினியக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வயர் நடுவிலுள்ள சின்னப் பெட்டிக்கு வரும், பெட்டியிலிருந்து ஒரு வயர் கேட்கிற செட்டுக்குப் போகும். பெட்டி ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு ஒரு செக்கனுக்குள் நூற்றுக்கணக்கான தடவை மாறி மாறித் தாவும். குரல் ஒரு கம்பிக்கு முந்தியும் மற்றதுக்குப் பிந்தியும் வந்தால், அந்தத் தாவலில் பேச்சுக்கு மேலே விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். தடியைத் திருப்பிக்கொண்டே போனால், இரண்டு கம்பிக்கும் ஒரே நேரத்தில் குரல் வருகிற இடத்தில் விசில் செத்துவிடும். பேச்சு மட்டும் சுத்தமாக நிற்கும். விசில் செத்த பக்கம் ஆள் நிற்கிறான். தடியை ஒரு போட்டில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓட வேண்டியதுதான்.

இரண்டு வயரும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், மயிரிழை பிசகினாலும் திசை பொய் சொல்லும். அதற்கென்று ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, வயரை இழுத்துப் பிடித்து வெட்ட ஒரு சாமான் செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு ஆணிப் பலகைதான். பெட்டிக்குள் தாவுகிற வேலையைச் செய்ய ஒரு தனி ரக டயோட் வேண்டும். சாதாரண டயோட் கிட்டத்துக் குரலைக் கடத்தும், தூரத்துக் குரலை விழுங்கிவிடும். பழைய இரும்புக் கடையில் கிடந்த இரண்டு உடைந்த வோக்கி டோக்கிகளுக்குள் இருந்து அவற்றை எடுத்தேன். இரும்புக்காரரிடம் அந்த மாதிரி வேறு இருக்கவில்லை.

பரீட்சைக்கு மச்சானிடம் ஒரு செட்டைக் கொடுத்து, சல்லியில் எங்கேயாவது ஒளித்துக்கொள்ளச் சொன்னேன். பொத்தானை அமத்திப் பிடித்தபடி ஒன்றிலிருந்து நூறு மட்டும் எண்ண வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை. போட் காற்றில் இழுபட்டுக்கொண்டே இருக்கும், அதனால் திசை மாறும், அதனால் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும் என்று விளங்கப்படுத்தியிருந்தேன். தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சனம் பைத்தியம் என்று பார்க்க, கருவாடு காயப்போட்ட மணலில் நான் நடந்தேன். அவன் எழுபதைத் தாண்டுவதற்குள் விசில் மாரியம்மன் கோயில் பின்வீதியில் செத்தது. மதில் நிழலில் இருந்து கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் கடலையோடு எண்ணியிருக்கிறான். என்னைக் கண்டதும் எழும்பிக் கட்டிப்பிடித்தான்.

“மச்சான், இனி நான் செத்தாலும் நீங்கள் விடமாட்டீங்கள்,” என்றான்.

போன வருடம் மாசியில், தொழில் தொடங்குவதற்கு முதல், கருவியை அவனுடைய அண்ணன் தம்பிமாரின் போட்டுகளுக்குப் பொதுவாகக் கரையில் வைப்பதென்று பேசிக்கொண்டோம். சல்லியில் எல்லோரும் சம்மதம். நான்தான், இருங்கோ, ஒருக்கா அரசாங்கத்துக்கு அறிவிச்சுப்போட்டுத் தாறன் என்றேன்.

“ஆர் கேட்டவை?” என்றான் மச்சான்.

“ஒருத்தரும் கேக்கேல்ல.”

“அப்ப ஏன் நீங்களாக் கொண்டுபோறீங்கள்?”

“கேக்கிறதுக்கு முதல் குடுத்திட்டால் பிரச்சினையில்லை. நாளைக்கு ஆரும் வந்து, இது என்ன தடி எண்டு கேட்டால் ஆர் பதில் சொல்லுறது? நீர் கடலுக்குப் போயிடுவீர். நான்தான் கடையில இருக்கிறன்.”

“இது வேலியில போன ஓணானை மடியில விட்ட கதை,” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி வீட்டுக்குப் போனான். வீட்டில் தங்கையிடம், அரசாங்கக் கந்தோரில் இருந்து கேட்டிருக்கிறார்கள், அதனால் அண்ணா கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று சொல்லியிருக்கிறான். நான் வெட்கப்படக் கூடாதென்று அப்படிச் சொன்னான்.

எந்தக் கந்தோர் என்று நான் எழுதமாட்டேன். கடலோடு சம்பந்தப்பட்ட ஒரு அரசாங்க அலுவலகம், அவ்வளவுதான். அங்கே மேசையில் இருந்தவர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர், ஊரில் இருந்து இருந்து தமிழ் பிடித்தவர். நான் பவ்வியமாகத் தடியைச் சுவரில் சாத்திவிட்டு, மூன்று மொழியில் எழுதிக்கொண்டு போன கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பாஸ், இது படைக்காரங்க வச்சிருக்கிற மாதிரி சாமான் இல்லையா? இதை ஏன் கொண்டுவந்தது?”

“அறிவிக்கிறதுக்கு ஐயா.”

“நீங்க கொண்டுவராட்டி நான் காணவும் இல்லை, கேக்கவும் இல்லை. இப்ப கண்டாச்சே. கண்டா நான் மேல அனுப்பத்தானே வேணும்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கவலைப்பட்டுச் சொன்னார். அப்போதும், சரி ஐயா, தெரியாமல் வந்துவிட்டேன் என்று தடியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் விட்டிருப்பார். நான் தூக்கவில்லை. பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு கிழமையில், கொழும்புக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெரிய இஞ்சினியர் ஒருவர் கொழும்பில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னுடைய வேலையைப் பார்க்கிறார், இதை யார் செய்தது என்று கேட்கிறார் என்று கற்பனை பண்ணிக்கொண்டு படுத்த நாட்கள் உண்டு. பயம் பாதி, இந்தப் பெருமை பாதி.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. மச்சான் ஒரு தடவைதான் கேட்டான், இன்னொன்று கட்ட ஏலாதா என்று. அந்த டயோட் இல்லை என்றேன். அது உண்மை. உண்மையில் பாதி. ஒன்று அவர்களுடைய கையில் இருக்கும்போது இரண்டாவது ஒன்று என் கடையில் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்ற யோசனை மற்றப் பாதி. கொழும்பில் தேடி எடுப்பிக்கலாம். எடுப்பிக்கவில்லை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிபோல, கடை செட்டில் அவனுடைய குரல் வந்தது.

“மச்சான், எஞ்சின் நிண்டிட்டுது. தண்ணியும் ஏறிட்டுது. போன் போச்சு, மற்றதும் போச்சு. காத்து இழுக்குது.”

தனியாகப் போயிருந்தான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். சல்லியில் இருந்த போட்டுகள் எல்லாம் தேடப் போயின. தகவல் கொடுத்த உடனே அரசாங்கப் படகுகளும் போயின, திசை காட்டும் கருவி அவற்றில் இல்லை என்றார்கள். பொய் சொல்லக் கூடாது, எல்லோரும் தேடினார்கள். ஆனால் ஆனைக்கூட்டம் நின்றாலும் தெரியாத அகலத்தில் ஒரு பைபர் போட்டை எந்தப் பக்கம் என்று தேடுவது? தங்கை ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்து செட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். நான் கந்தோருக்கு ஓடினேன். அந்த மனிதர் என் கண் முன்னாலேயே கொழும்புக்குப் போன் எடுத்தார். எனக்குச் சிங்களம் விளங்கும். அவர் கெஞ்சினார். அது எந்த அறையில் இருக்கிறதென்று பார்த்துச் சொல்வதாகப் பதில் வந்தது. இப்பவே பஸ் ஏறி நான் வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். முதலில் அறையைக் கண்டுபிடிக்கட்டும் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டார்.

பின்னேரம் மச்சானிடம், செட்டை நிறுத்தும், பற்றறியைப் பாதுகாரும், விடிய ஆறு மணிக்குத் திறவும் என்றேன். கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பற்றறி கொஞ்சம்தான் போகும். பொத்தானை அமத்திப் பேசினால்தான் குடித்துத் தள்ளும். அவனுக்கும் அது தெரியும்.

புதன் காலை ஆறு மணிக்குக் குரல் வந்தது. அது அவனுடைய குரல் மாதிரியே இல்லை. தண்ணீர் முடிந்துவிட்டது என்றான். பிறகு,

“மச்சான், அந்தத் தடி வந்திட்டுதோ?” என்றான்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று சொல்லு என்றா, ஓம் என்று சொல்லு என்றா அந்தத் தலையாட்டல் என்று இன்றைக்கும் நான் அவளிடம் கேட்டதில்லை.

“ஓம், வந்திட்டுது,” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம். “அப்ப சரி,” என்றான். “நான் எண்ணுறன்.”

வேண்டாம் என்று நான் பொத்தானை அமத்துவதற்குள் அவன் தன்னுடைய பொத்தானை அமத்திவிட்டான். ஒருவன் அமத்திப் பிடித்திருக்கும்போது மற்றவன் சொல்வது அவனுக்குப் போய்ச் சேராது. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று அவன் எண்ணத் தொடங்கினான். நான் பழக்கியபடியே, அவசரப்படாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் இடம் விட்டு நூறு மட்டும் எண்ணினான். ஒவ்வொரு எண்ணும் பற்றறியில் இருந்து போய்க்கொண்டிருந்தது. என்னுடைய ஒரு பொய்க்கு அவன் தன்னிடம் மிச்சமிருந்ததை எடுத்துத் தந்துகொண்டிருந்தான்.

“திசை கிடைச்சுதோ?”

“கிடைச்சது. காணும், இனி எண்ண வேண்டாம். செட்டை நிப்பாட்டும்.”

“இல்லை மச்சான், காத்து இழுக்குது. திசை மாறுமெல்லே. நீங்கள்தானே சொன்னனீங்கள். அரை மணிக்கு எண்ணுறன்.”

வேண்டாமென்று நின்றுபிடித்தால் பொய் தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால் அவன் அங்கே எதைப் பிடித்துக்கொண்டு இருப்பான்?

அந்த அரை மணிக்குள் இன்னொரு கருவி கட்டினேன். தடியாக விளக்குமாற்றுப் பிடி, கம்பியாகக் குடைக்கம்பி, இரண்டு ஆணிப் பலகையில் வெட்டிய வயர், பெட்டிக்குள் சாதாரண டயோட். வேலை பிசகவில்லை. கேட்கிற செட்டின் அன்ரெனா வயரைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டிப் பார்க்க வேண்டும். அவன் இரண்டாம் தடவை எண்ணத் தொடங்கியதும் மாற்றிப் பூட்டினேன். இருபத்திரண்டில் இருந்த குரல் அப்படியே காணாமல் போனது. விசிலும் இல்லை, எண்ணும் இல்லை, கடல் இரைச்சல்போல வெறும் சத்தம். தடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். திரும்பப் பழைய வயரைப் பூட்டியபோது அவன் அறுபதில் நின்றான்.

விழுங்கிவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான். அந்த நல்ல டயோட் என்னுடைய கடையில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அவனுடைய குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் செட்டுக்குள் இருந்தது. அதைக் கழற்றினால் திசை காட்டும் கருவி இருக்கும், கேட்பதற்குச் செட் இருக்காது. திருத்த வந்த மற்றதெல்லாம் டிவியும் மின்விசிறியும். ஊரில் இருந்த மற்றச் செட்டுகள் எல்லாம் அவனைத் தேடிப் போன போட்டுகளில் இருந்தன.

மூன்றாம் தடவை எண்ணியபோது குரல் மெலிந்திருந்தது. நான் மறுபடியும் மாற்றிப் பூட்டினேன். தடியை இன்னும் உயர்த்திப் பிடித்தால் கேட்குமோ என்று மேசையில் ஏறி நின்றேன். வெறும் இரைச்சல். அப்போதுதான் தங்கை அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகச் சத்தமாகக் கதைத்தாள்.

“அண்ணா, அதைக் கழட்டுங்கோ.”

“பொறு பிள்ளை, இன்னும் ஒருக்கா...”

“கழட்டுங்கோ அண்ணா. ஆளைத்தான் கொண்டுவர ஏலாது. குரலையாவது எனக்கு விடுங்கோ.”

நான் மேசையில் இருந்து இறங்கிப் பழைய வயரைப் பூட்டினேன். எண்பத்தைந்து, எண்பத்தாறு. அவள் செட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நாலாம் தடவை அவன் நாற்பத்தொன்று மட்டும் எண்ணினான். பிறகு பொத்தான் விட்ட சத்தமும் கேட்கவில்லை. காலை எட்டு மணி ஆகவும் இல்லை.

செட்டை நான் பதினெட்டு நாள் நிறுத்தவில்லை. அவனும் வரவில்லை, போட்டின் ஒரு துண்டும் கரைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு தங்கை வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வருவாள். செட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கதிரையில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போவாள். வருகிற போதெல்லாம் அந்தக் கந்தோரைத் திட்டுவாள். “கேட்டு வாங்கிக்கொண்டு போனவங்கள், நாசமாய்ப் போவாங்கள்” என்பாள். நான் ஓம் என்பேன். வாயைத் திறந்து உண்மை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவன் எனக்காகச் சொன்ன பொய்க்குள் நான் வாடகை இல்லாமல் குடியிருந்தேன்.

கார்த்திகையில், மழை பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை, கந்தோர் மனிதர் தானே ஆட்டோவில் வந்து இறங்கினார். பொலித்தீன் சுற்றிய தடியைக் கையில் வைத்திருந்தார். தபாலில் போடவோ ஆளிடம் கொடுத்துவிடவோ மனம் வரவில்லை என்றார். ஒரு கடிதமும் தந்தார். வாசித்தேன். இரண்டு வரி. இந்த வகைக் கருவி பேசுவதற்கல்ல, கேட்பதற்கு மட்டுமே என்பதால் இதை வைத்திருக்க எந்த அனுமதியும் தேவையில்லை என்று இருந்தது.

தங்கை கதிரையில் இருந்தாள். அவளை யாரென்று அவருக்குத் தெரியாது.

“எனக்கு மனசு சரியில்லை பாஸ்,” என்றார் அவர். “அனுமதி தேவையே இல்லையாம். யாரும் கேக்கவும் இல்லையே. நீங்களாவே கொண்டுவந்து தந்த சாமான். அண்டைக்கே நான், எடுத்துக்கொண்டு போங்க எண்டு சொல்லியிருக்கணும்.”

அவர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

“என்ர மனுசனுக்குத் தெரியுமோ?” என்று தங்கை கேட்டாள். “நீங்களாக் குடுத்தது எண்டு?”

“தெரியும். ஏன் எண்டு கேட்டவர்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

சொன்னேன். கேட்பதற்கு முதல் கொடுத்தால் பிரச்சினையில்லை என்று அவனிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சல்லிக்கு நான் போனால் தேத்தண்ணி தருவாள், தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

தடி நன்றாக வேலை செய்கிறது. அதையும் சொல்ல வேண்டும். கூரையில் கட்டியிருக்கிறேன். எந்தப் போட்டில் யார் கதைத்தாலும், திருப்பினால் விசில் செத்துத் திசை காட்டும். இந்த மாசியில் சல்லியில் இருந்து மச்சானின் அண்ணன் தம்பிமார் வந்தார்கள், தங்கள் போட்டுகளுக்கு மூன்று கட்டித் தரச் சொல்லி. டயோட் கொழும்பில் இருந்து எடுப்பித்தேன், வர நாலே நாள் எடுத்தது. மூன்றையும் கட்டி, இரண்டு ஆணிப் பலகையில் வயர் வெட்டி, பரீட்சித்தும் முடித்துவிட்டேன்.

கொடுக்கப் போகிற அன்று காலை கொப்பியில் அவர்களுடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கனம் ஐயா, இத்தால் தங்களுக்கு அறியத் தருவது யாதெனில் என்று தொடங்கி, மூன்று கருவிகளின் விவரத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கையெழுத்து வைத்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. என்னுடைய கையை நானே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் கருவிகளைக் கொடுக்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. அவர்கள் போன் எடுக்கிறபோதெல்லாம், இன்னும் இரண்டு நாள் என்கிறேன். மூன்றும் பொலித்தீன் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. ஆனி பிறந்துவிட்டது, கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. கடிதத்தை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.